அனுமதிக்கு முன்பே ஆய்வு: மக்களின் உரிமையை மீட்போம்

ஒரு சுரங்கமோ, அணையோ, இரசாயன ஆலையோ தொடங்கப்படுவதற்கு முன்பு, அதனால் அந்தப் பகுதியின் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் அங்கே உழைத்து வாழும் மக்களுக்கும் என்ன நேரும் என்று ஆராயப்பட வேண்டும். அந்த ஆய்வை மக்கள் முன் வைத்து அவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன் பிறகே அனுமதிப்பதா, மறுப்பதா என்று அரசு முடிவெடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற நீண்ட பெயருக்குப் பின்னால் இருக்கும் நெறி இவ்வளவுதான். முன்கூட்டியே ஆராய்வது, மக்களைக் கேட்பது ஆகிய இரண்டு கால்களில்தான் அது நிற்கிறது. 2025ஆம் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் இந்த இரண்டு கால்களிலும் வெட்டு விழுந்துள்ளது.

முதல் வெட்டு செப்டம்பர் 8 அன்று விழுந்தது. அணு கனிமங்களையும், ‘முக்கியமான, கேந்திரமான’ கனிமங்கள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றையும் தோண்டியெடுக்கும் சுரங்கங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை மூலம் அறிவித்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை. மாநில அரசுகளுடன் கலந்தாலோசனை இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மோனோசைட் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நிற்கும் கடலோர மக்கள், தங்கள் எதிர்ப்பைச் சட்டப்படி பதிவு செய்வதற்கு இருந்த ஒரே மேடை ஒரு காகிதத் துண்டால் பறிக்கப்படும் நிலைக்கு வந்துள்ளனர். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களின் ஆதிவாசிப் பகுதிகளிலும் இதே ஆபத்து காத்திருக்கிறது.

இரண்டாவது வெட்டு நவம்பர் 18 அன்று உச்சநீதிமன்றத்திலிருந்து வந்தது. முன் அனுமதி பெறாமலேயே தொடங்கப்பட்ட திட்டங்களுக்குப் பின்னேற்பு அனுமதி வழங்க வகை செய்த 2017ஆம் ஆண்டு அறிவிக்கையையும் 2021ஆம் ஆண்டு குறிப்பாணையையும், வனசக்தி வழக்கில் நீதிபதிகள் ஏ.எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோரின் அமர்வு 2025 மே 16 அன்று ரத்து செய்திருந்தது. அந்தத் தீர்ப்பை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெற்று, வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. நீதிபதி உஜ்ஜல் புயான் மட்டும் உறுதியாக மாறுபட்டு நின்றார்.

கேட்காமல் தோண்டலாம் என்கிறது ஒன்று. கட்டிவிட்டு அனுமதி வாங்கலாம் என்ற வாசலை மறுபடியும் திறந்து வைக்கிறது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆய்வு என்ற சொல்லில் என்ன மிச்சமிருக்கிறது?

போபால் கற்றுத்தந்த சட்டம்

இந்தச் சட்டங்கள் எவருடைய தயவாலும் கிடைத்தவை அல்ல. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சு வாயு ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்களைக் கொன்றது. அந்தக் கொடுமையைத் தொடர்ந்தே 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1994 ஜனவரி 27 அன்று முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. மக்கள் இயக்கங்களின் தொடர் வற்புறுத்தலுக்குப் பிறகு 1997ஆம் ஆண்டில் கருத்துக் கேட்பு கட்டாயமாக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் தேதிய அறிவிக்கை.

2006 அறிவிக்கையே முந்தையதைவிடப் பல இடங்களில் நீர்த்துப்போனதுதான். தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகள், கட்டுமானத் திட்டங்கள், ‘பி2’ என்று வகைப்படுத்தப்படும் திட்டங்கள் எனப் பலவற்றுக்கு அது கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. அந்த விலக்கின் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு நன்கறியும். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையின் விரிவாக்கம், தொழிற்பேட்டைக்குள் அமைகிறது என்ற காரணத்தைக் காட்டி மக்களைக் கேட்காமலேயே முன்னெடுக்கப்பட்டது. விரிவாக்கப் பணிகளை நிறுத்தி, மக்களைக் கேட்ட பிறகே அனுமதி பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது 2018 மே 23 அன்று. அதற்கு முந்தைய நாளே காவல்துறையின் துப்பாக்கிகள் பேசிவிட்டன. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். கூட்டம் நடத்திக் கேட்டிருக்க வேண்டிய குரல் வீதியில் இறங்கி ஒலிக்க வேண்டியதாயிற்று. அரசு அதற்குத் தோட்டாக்களால் பதில் சொன்னது.

2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றால் நாடு முடங்கிக் கிடந்த நேரத்தில், 2006 அறிவிக்கையையும் மாற்றும் வரைவு ஒன்றை ஒன்றிய அரசு வெளியிட்டது. பின்னேற்பு அனுமதியை நிரந்தரமாக்குவதும், கருத்துக் கேட்பு அறிவிப்புக் காலத்தை 30 நாட்களிலிருந்து 20 நாட்களாகக் குறைப்பதும் அதில் இருந்தன. வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. வரைவு சட்டமாகவில்லை. ஆனால் அது சொன்னவற்றில் பல, ஒவ்வொன்றாகத் திருத்தங்களாகவும் குறிப்பாணைகளாகவும் பின்வாசல் வழியே நுழைந்துகொண்டிருக்கின்றன. செப்டம்பர் 8 குறிப்பாணை அந்த வரிசையில் வந்ததே.

அறிக்கையை எழுதுவது யார்?

ஆய்வு முறை சீர்கெட்டிருப்பதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், முதல் விடை பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதில் கிடைக்கும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் திட்டத்தின் உரிமையாளர். அதற்குக் கூலி கொடுப்பவரும் அவரே. ‘இந்தத் திட்டம் கூடாது’ என்று எழுதும் நிறுவனத்துக்கு அடுத்த வேலை கிடைக்காது. எனவே அப்படி எழுதப்படுவதே இல்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தாக்கல் செய்யப்பட்ட அறிக்கையின் பகுதிகள், ரஷ்யாவில் உள்ள ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டிருந்தன. கொங்கண மண்ணில் வளராத குளிர்நாட்டு மரங்கள் அதில் இடம்பெற்றிருந்தன. அந்த அறிக்கையின் அடிப்படையிலும் அனுமதி வழங்கப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அறிக்கையைப் படிக்க வேண்டியவர்கள் அதைப் படிக்கவில்லை.

இது ஏதோ ஒரு மாவட்டத்தில் நடந்த விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2016ஆம் ஆண்டு 39ஆம் எண் அறிக்கை இதே துறையை ஆராய்ந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திட்டங்களில் 25 சதவீதத்தில், மதிப்பீட்டு அறிக்கைகள் அமைச்சகம் வகுத்துத் தந்த ஆய்வு வரம்புகளையே பின்பற்றவில்லை என்று அது கண்டறிந்தது. 23 சதவீத அறிக்கைகள் விதிக்கப்பட்ட பொது அமைப்பில்கூட இல்லை. நான்கில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் எழுதியும் தேர்ச்சி பெற்றால், குறை மாணவரிடம் மட்டுமல்ல, திருத்துபவரிடமும் இருக்கிறது.

கோவாவின் மோபா விமான நிலைய வழக்கு இதைத் தெளிவாக்கியது. திட்டத்தைச் சுற்றியுள்ள காடுகளையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலியல் உணர்திறன் மிக்க பகுதிகளையும் பற்றிய தகவல்கள் விண்ணப்பத்தில் மறைக்கப்பட்டிருந்ததையும், நிபுணர் மதிப்பீட்டுக் குழு மனத்தைச் செலுத்தாமல் பரிந்துரைத்ததையும் சுட்டிக்காட்டி, 2019 மார்ச் 29 அன்று உச்சநீதிமன்றம் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. 2020 ஜனவரியில், கூடுதல் நிபந்தனைகளுடன் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஆய்வில் பிழை என்று நிரூபணமான பிறகும் திட்டம் நிற்கவில்லை.

துண்டு துண்டாக்கும் தந்திரம்

மதிப்பீட்டிலிருந்து தப்ப இன்னொரு வழி, பெரிய திட்டத்தைச் சிறு துண்டுகளாக்குவது. உத்தரகண்டில் சார் தாம் நெடுஞ்சாலை சுமார் 900 கிலோமீட்டர் நீளமுடையது. இமயத்தின் இளம் மலைகளைக் குடைந்து செல்லும் இந்தச் சாலை 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 100 கிலோமீட்டருக்குக் குறைவு. ஆகவே எந்தத் துண்டுக்கும் தாக்க மதிப்பீடு தேவைப்படவில்லை. மலை ஒன்றுதான், சரிவு ஒன்றுதான், ஆறு ஒன்றுதான். கணக்கேட்டில் மட்டும் ஐம்பத்து மூன்று.

ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே பார்ப்பது, ஒரே ஆற்றின் மேல் அடுத்தடுத்து அணைகள் எழும்போது பேராபத்தாகிறது. சிக்கிமில் தீஸ்தா ஆற்றின் மீது கட்டப்பட்ட 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணை, 2023 அக்டோபர் 4 அன்று, லோனக் பனியேரி உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. கீழ்நிலைப் பகுதிகளில் பல உயிர்கள் போயின. பனியாறுகள் உருகுவதும் பனியேரிகள் பெருகுவதும் அறிவியலாளர்கள் பல்லாண்டுகளாக எச்சரித்துவந்த விஷயங்கள். இருந்தும் 2025 ஜனவரியில் நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதே இடத்தில் அணையை மீண்டும் கட்டப் பரிந்துரைத்தது. புதிய மக்கள் கருத்துக் கேட்பு நடத்தப்படவில்லை. பல திட்டங்களின் ஒட்டுமொத்தத் தாக்கத்தை ஆராய்வது கட்டாயமாக்கப்படவில்லை என்று தணிக்கையாளர் 2016லேயே குறைகூறியிருந்தார். அந்தக் குறை களையப்படவில்லை.

வேகத்துக்குப் பரிசு

ஆய்வுக் குழுக்கள் ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றன? அவற்றுக்கு எதற்காகப் பாராட்டு கிடைக்கிறது என்று பாருங்கள். 2022 ஜனவரியில் ஒன்றிய அமைச்சகம் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை ஒன்றை அறிவித்தது. விரைவாக அனுமதி வழங்கினால் அதிக மதிப்பெண். கூடுதல் விவரம் கேட்காமலிருந்தால் மதிப்பெண். திட்ட இடத்துக்குப் போய்ப் பார்ப்பதைக் குறைத்தால் மதிப்பெண். நேரில் பார்க்காத, கேள்வி கேட்காத ஆணையம் சிறந்த ஆணையம் என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. ‘எளிதாகத் தொழில் நடத்துதல்’ என்ற முழக்கத்தின் உள்பொருள் இதுதான்.

அனுமதி கொடுத்த பிறகு கண்காணிப்பாவது உண்டா? அனுமதிக் கடிதங்களில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் இருக்கும். அவற்றை நிறைவேற்றியது பற்றி ஆண்டுக்கு இருமுறை அறிக்கை தர வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. அந்த அறிக்கைகளைச் சரிபார்க்க வேண்டிய அமைச்சகத்தின் மண்டல அலுவலகங்களில் போதிய அறிவியலாளர்கள் இல்லை. மீறுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்க அந்த அலுவலகங்களுக்கு அதிகாரமும் இல்லை என்று தணிக்கையாளர் பதிவு செய்தார். இந்த நிலையில்தான் 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கு இருந்த ஐந்தாண்டு வரையிலான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றப்பட்டது. ஆயிரம் கோடி முதலீடு செய்யும் முதலாளிக்கு 15 இலட்சம் என்பது தண்டனையா, நுழைவுக் கட்டணமா?

நிக்கோபாரில் நடப்பது

அரசே திட்ட உரிமையாளராகவும் அரசே ஆய்வாளராகவும் அரசே நீதிபதியாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு கிரேட் நிக்கோபார் தீவு சான்று. சரக்குப் பெட்டக மாற்று முனையம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட அந்தத் திட்டம் 166 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிகிறது. அதில் 130 சதுர கிலோமீட்டர் வெப்ப மண்டல மழைக்காடு. 9.64 இலட்சம் மரங்கள் வெட்டப்படலாம் என்று அமைச்சரே நாடாளுமன்றத்தில் கூறினார். துறைமுகம் அமையவிருக்கும் கலத்தியா விரிகுடா, உலகின் மிகப்பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை முட்டையிடும் கரை. அதற்கு இருந்த வனவிலங்குச் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையின்போது நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்துபோன நிலம் அந்தத் தீவின் தென்முனை. இவை யாவற்றுக்கும் பிறகு 2022 நவம்பர் 11 அன்று சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடுவதற்கு அரசு காட்டிய இடம் ஹரியானா.

அதே நவம்பரில், தாங்கள் முன்பு கொடுத்த ஆட்சேபணையின்மைக் கடிதத்தைத் தீவின் பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றது. ஆழிப்பேரலைக்கு முன்பு தாங்கள் வாழ்ந்த மூதாதையர் நிலங்களும் திட்டத்துக்குள் வருகின்றன என்பது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். வெளியுலகத் தொடர்பை விரும்பாத ஷோம்பென் மக்களிடம் யார், எந்த மொழியில், எப்படிக் கேட்டிருக்க முடியும் என்பதற்கு விடையே இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023இல் அனுமதியை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் தலைவர் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செயலாளர். அனுமதி கொடுத்ததும் அதே அமைச்சகம். குழுவின் அறிக்கை ‘நாட்டுப் பாதுகாப்பு’ என்ற திரையிட்டு மூடப்பட்டது.

‘தாமதம்’ என்னும் பழி

ஆய்வு என்றால் தாமதம், தாமதம் என்றால் வேலையிழப்பு என்று ஆளுங்கட்சியும் பெருமுதலாளிகளின் ஊடகங்களும் ஓயாது சொல்கின்றன. இந்த வாதத்தை நம்மில் யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. வேலை தேடும் இளைஞனிடம் போய் ஆமையைக் காப்பாற்று என்று மட்டும் சொன்னால் அவன் நம்மை விட்டு விலகிப் போவான். தொழில் வளர்ச்சிக்கு நாம் எதிரிகள் அல்லர். பொதுத்துறை ஆலைகளும் மின்நிலையங்களும் வேண்டும் என்று போராடிய இயக்கம் இது. நமது கேள்வி, அந்த வளர்ச்சியின் பயன் யாருக்கு, சுமை யார் தலையில் என்பதுதான்.

ஆய்வில்லாத ஆலையால் முதலில் சாகிறவர் அதன் தொழிலாளி. அடுத்தவர் அதன் மதில் ஓரத்தில் குடியிருப்பவர். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரின் வாயு கசிந்து 12 பேர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தான் உற்பத்தி செய்யும் அளவுக்குச் செல்லுபடியாகும் சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்று அந்த நிறுவனமே ஓராண்டுக்கு முன்பு, 2019 மே மாதத்தில், உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்திருந்தது. அனுமதி இல்லாமல் இயங்குவது அரசுக்குத் தெரியும். ஆலை நிறுத்தப்படவில்லை. முதலில் நடத்து, பிறகு முறைப்படுத்திக்கொள்ளலாம் என்ற கொள்கையின் பொருள் வெங்கடாபுரம் கிராமத்து மக்களுக்கு அன்று விடியற்காலையில் புரிந்தது.

நவம்பர் 18 தீர்ப்பின் பெரும்பான்மைத் தரப்பு முன்வைத்த காரணத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். பின்னேற்பு அனுமதி இல்லையென்றால் ஒடிசாவில் 962 படுக்கைகள் கொண்ட எய்ம்ஸ் மருத்துவமனை, கர்நாடகத்தில் ஒரு விமான நிலையம் உள்ளிட்ட சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள பொதுத் திட்டங்களை இடிக்க நேரிடும் என்று அது கவலைப்பட்டது. கட்டிய மருத்துவமனையை இடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மே மாதத் தீர்ப்பும் அதற்கு முன்பே வழங்கப்பட்ட அனுமதிகளைத் தொடவில்லை. நாம் கேட்பது வேறு. அரசின் சொந்த நிறுவனங்களே முன் அனுமதியின்றி மருத்துவமனை கட்டியது ஏன்? அதற்குப் பொறுப்பான அதிகாரி யார்? அவர்மீது என்ன நடவடிக்கை? பொதுத் திட்டங்களைத் தனித்து ஆராய்ந்து, பொறுப்பானவர்களைத் தண்டித்து, அவற்றைக் காப்பாற்ற வழி காணலாம். ஒரு மருத்துவமனையை முன்னால் நிறுத்தி, அதன் நிழலில் நூறு சுரங்கங்களும் இரசாயன ஆலைகளும் உள்ளே நுழைவதை ஏற்க முடியாது. பின்னேற்பு அனுமதி சட்டத்துக்கு முரணானது என்று உச்சநீதிமன்றமே 2017இலும் 2020இலும் சொல்லியிருக்கிறது.

உண்மையில் தாமதத்துக்குக் காரணம் மோசமான ஆய்வுதான். ஓர் ஆண்டு செலவிட்டு ஒழுங்காக ஆராய்ந்து, மக்களைக் கேட்டு, காரணங்களை எழுதி முடிவெடுத்தால் வழக்குகள் குறையும். அரைகுறை அறிக்கையோடு ஓடி வந்து, பத்தாண்டுகள் நீதிமன்றப் படிகளில் உட்கார வேண்டியதில்லை.

என்ன மாற வேண்டும்?

முதலாவதாக, செப்டம்பர் 8 குறிப்பாணை உடனடியாகத் திரும்பப் பெறப்பட வேண்டும். மக்களின் உரிமையைத் தொடும் எந்த மாற்றமும் குறிப்பாணைகள் மூலம் செய்யப்படக் கூடாது. தாக்க மதிப்பீட்டுக்கென நாடாளுமன்றத்தில் விவாதித்து இயற்றப்பட்ட தனிச் சட்டம் வேண்டும்.

இரண்டாவதாக, அனுமதி வழங்கும் பணி அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். 2011இல் லஃபார்ஜ் வழக்கில் உச்சநீதிமன்றம் தேசிய அளவில் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றது. 2014 ஜனவரி 6 அன்று, அந்த ஆண்டு மார்ச் 31க்குள் அதை அமைக்குமாறு காலக்கெடுவும் விதித்தது. இன்றுவரை அது அமைக்கப்படவில்லை. மாநிலங்களின் பிரதிநிதித்துவமும் அறிவியலாளர்கள், தொழிற்சங்கங்கள், பழங்குடி அமைப்புகள் ஆகியோரின் இடமும் உறுதிசெய்யப்பட்ட அமைப்பாக அது இருக்க வேண்டும். மாநில உரிமைகளை விழுங்கும் இன்னொரு தில்லி அலுவலகமாக அது மாறிவிடக் கூடாது.

மூன்றாவதாக, ஆலோசனை நிறுவனங்களுக்கும் முதலாளிக்கும் இடையிலான கூலி உறவு அறுக்கப்பட வேண்டும். ஆய்வுக் கட்டணத்தைத் திட்ட உரிமையாளர் பொது நிதியில் செலுத்தட்டும். ஆய்வாளரை ஒழுங்குமுறை அமைப்பே நியமிக்கட்டும். பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வு நிறுவனங்களும் இப்பணியில் ஈடுபடுத்தப்பட வேண்டும். திரட்டிய மூலத் தரவுகள் யாவும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். பொய்த் தரவு கண்டறியப்பட்டால் அனுமதி தானாகவே ரத்தாக வேண்டும்.

நான்காவதாக, முழு அறிக்கையும் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். இப்போது சுருக்கம் மட்டுமே மொழிபெயர்க்கப்படுகிறது. பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் ஆட்சியர் அலுவலக அலமாரியில் உறங்குகிறது. கூட்டம் பாதிக்கப்படும் கிராமத்திலேயே, போலீஸ் வேலிகள் இல்லாமல் நடத்தப்பட வேண்டும். எழுப்பப்பட்ட ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் அது ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, ஏன் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் தரப்பட வேண்டும். வனப் பகுதிகளில் வன உரிமைச் சட்டப்படியான கிராம சபை ஒப்புதல், அனுமதிக்கு முன்பே பெறப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, ஆற்றுப் படுகை, மலைப்பகுதி, தொழில் மண்டலம் ஆகியவற்றுக்கு ஒட்டுமொத்தத் தாக்க ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். திட்டங்களைத் துண்டாடுவது மோசடியாகக் கருதப்பட வேண்டும். ஒரு பருவத்தில் அவசரமாக எடுத்த தரவு போதாது. மழைக்காலம் உட்பட ஓராண்டுத் தரவு வேண்டும்.

ஆறாவதாக, தொழிலாளரின் பணியிடப் பாதுகாப்பும் உடல்நலமும் மதிப்பீட்டின் மையப் பகுதியாக வேண்டும். நட்சத்திரத் தரவரிசை கைவிடப்பட வேண்டும். மண்டல அலுவலகங்களுக்கு ஆளும் அதிகாரமும் வழங்கப்பட்டு, மீறும் ஆலையை நிறுத்தும் உரிமை அவற்றுக்குத் தரப்பட வேண்டும். சிறைத் தண்டனை மீட்கப்பட வேண்டும்.

கிளைகள் முன்னுள்ள பணி

இந்தக் கோரிக்கைகள் மனுக்களால் மட்டும் நிறைவேறப் போவதில்லை. மக்கள் தாங்களே ஆய்வாளர்களாக மாறிய இடங்களில்தான் ஆய்வு உயிர் பெற்றிருக்கிறது என்பதை வரலாறு காட்டுகிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, சட்டப்படியான தாக்க மதிப்பீடு என்ற ஒன்றே நாட்டில் இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் 1979இல் தானே ஓர் ஆய்வை வெளியிட்டது. காட்டின் மதிப்பை மட்டும் பேசாமல், மின்தேவைக் கணக்கையும் வேலைவாய்ப்புக் கணக்கையும் மாற்று வழிகளையும் அது அலசியது. இடதுசாரி வட்டங்களுக்குள்ளேயே அன்று கடும் விவாதம் நடந்தது. விவாதத்தை எண்களோடும் சான்றுகளோடும் நடத்தியதால்தான் அது வென்றது. 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஒடிசாவின் நியமகிரியில், பாக்சைட் சுரங்கம் பற்றிக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட 12 கிராம சபைகளும், ஒன்றுகூட விலகாமல், சுரங்கத்தை நிராகரித்தன. எழுத்தறியாத டோங்ரியா கொந்த் மக்கள் தங்கள் மலையைப் பற்றி, எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையைவிடவும் நன்கறிந்து பேசினார்கள். கேட்கப்பட்டால் மக்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள் என்பதாலேயே இன்று கேட்பதை நிறுத்த முயல்கிறார்கள்.

ஆகவே நமது கிளைகள் செய்யக்கூடிய பணிகள் உடனடியாகத் தொடங்கலாம். மாவட்டத்தில் எந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பு அறிவிக்கப்படுகிறது என்பதை ஒரு தோழர் தொடர்ந்து கவனிக்கட்டும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையிலுள்ள 30 நாட்களில் அறிக்கையைப் பெற்று, அறிவியல் ஆசிரியர்களையும் பொறியாளர்களையும் அழைத்து, கிணறுகள் எத்தனை, குடும்பங்கள் எத்தனை, படகுகள் எத்தனை என்று அறிக்கையின் எண்ணிக்கையை ஊரின் உண்மையோடு ஒப்பிடலாம். ஆட்சேபங்களை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். பேசியது குறிப்பில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். அனுமதி வந்துவிட்டால், பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்களும் மட்டுமே உண்டு என்பதை மறக்கக் கூடாது. இயங்கும் ஆலைகளின் அரையாண்டு அறிக்கைகளைக் கேட்டு வாங்கி, ஆலைத் தொழிற்சங்கத்துடன் அமர்ந்து சரிபார்க்க வேண்டும். ஆலைக்குள் இருக்கும் தொழிலாளியும் மதிலுக்கு வெளியே இருக்கும் விவசாயியும் மீனவரும் ஒரே மேசையில் அமர்வதை முதலாளி விரும்புவதில்லை. அதைச் சாத்தியமாக்கக் கூடிய அமைப்பு நம்முடையது.

வனசக்தி வழக்கு புதிதாக விசாரிக்கப்பட இருக்கிறது. கனிமச் சுரங்கங்களுக்கான குறிப்பாணை நடைமுறைக்கு வந்துவிட்டது. நீதிமன்றம் என்ன சொன்னாலும், மக்களைக் கேட்காமல் மண்ணைத் தொடக் கூடாது என்ற கோரிக்கையைக் கிராம சபைத் தீர்மானங்களாகவும், தொழிற்சங்கத் தீர்மானங்களாகவும், விவசாயிகள், மீனவர் சங்கங்களின் கூட்டு இயக்கமாகவும் மாற்ற வேண்டிய நேரம் இது. போபாலுக்குப் பிறகு பெற்ற உரிமையை இன்னொரு போபாலுக்கு முன்பே மீட்டாக வேண்டும்.